வாசல் தேடிப் போன பள்ளிக்கூடம்

சிறுகானேந்தல் தொடக்கப் பள்ளி முதன்முதலாக எழுந்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு வகுப்பறை, ஒரு வராந்தா, கொடிக்கம்பம், பிள்ளைகள் கை கழுவுகிற குழாய், ரோட்டோரம் நட்டிருந்த 'பள்ளிக்கூடப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்ற தகரப் பலகை, இத்தனையையும் கூட்டிக்கொண்டு அது விடியுமுன்னே கிளம்பி, மேலத்தெருக் கடைசியில் காசிம் பாய் டீக்கடைக்கு எதிரே போய், கட்டின நாளிலிருந்து இங்கேதான் நிற்கிறேன் என்கிற தோரணையில் நின்றுகொண்டது. சமையல்கூடமும் கழிப்பறையும் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. அவை இரண்டும் பின்னால் வேறு வேறு திட்டத்தில் கட்டப்பட்டவை, பள்ளிக்கூடத்தோடு அவ்வளவு ஒட்டுறவு கிடையாது.

தலைமையாசிரியை சகாயமேரி டவுனிலிருந்து எட்டேகால் பஸ்ஸில் வந்து இறங்கினபோது வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வெளுத்துப்போன தரை மட்டும் கிடந்தது. சும்மாவே கால் தரையில் பாவாத பொம்பளை அவள். பாடம் நடத்தும்போது நடப்பாள், திருத்தும்போது நடப்பாள், சாப்பிடும்போதுகூட டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற முக்கால் மணி நேரமும் விரல்விட்டுப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே வருவாள்: மொத்தம் இருபத்து மூன்று, இன்னும் நாலு குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், மூடினால் நாலுவழிச் சாலைக்கு அந்தப்புறம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள், சேர்த்துவிட்டால் ஆறு வயசுப் பிள்ளை லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டணும், தாண்டாது, வீட்டோடு நின்றுபோகும். ஆறு வருஷமாக இந்தக் கணக்கு அவளை விட்டதில்லை. அதனால் வெறும் தரையைப் பார்த்ததும், மூடியேவிட்டார்களா பாவிகளா என்றுதான் முதலில் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடம் எங்க இருளாயி?" என்றாள்.

சத்துணவு சமைக்கிற இருளாயி அரிசி களைந்த தண்ணீரை வேப்பமரத்துத் தூரில் ஊற்றிக்கொண்டே, "எந்திரிச்சுப் போயிருச்சு டீச்சர். காசிம் பாய் கடைக்கு எதுத்தாப்புல நிக்குது. நீங்க போங்க, நான் சோத்த வடிச்சுத் தூக்கியாறேன்," என்றாள். இவ்வளவு தூரம் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பைத் தவிர அவள் குரலில் வேறொன்றும் இல்லை.

ஏன் போனது, எப்படிப் போனது என்று ஊர் ஒரு நாள் பேசியது. மறுநாள், டீக்கடைக்கு நல்ல நிழல் கிடைத்திருக்கிறதே என்று பேசியது. மூன்றாம் நாள் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. இருளாயிதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். காசிம் பாய் மகன் ரபீக் நாலாம் வகுப்பு, எல்லாப் பாடமும் வரும், கடிகாரம் பார்க்க மட்டும் வராது. சின்ன முள் எது பெரிய முள் எது என்று கேட்டால் திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோல விழிப்பான். பள்ளிக்கூடம் வாசலுக்கே வந்து நின்றதும் காசிம் பாய்க்கு வேறு வழியில்லை. கடைச் சுவரில் ஒரு கடிகாரத்தை மாட்டிவிட்டு, டீ குடிக்க வருகிற ஒவ்வொருவரும் ரபீக்கிடம் மணி கேட்கவேண்டும், அவன் சரியாகச் சொன்னால்தான் டீ ஆற்றுவேன் என்று சொல்லிவிட்டார். டீக்காக நாக்கு வறண்ட மனுஷர்கள் அவனுக்கு முள்ளைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். நாலாம் நாள் ரபீக் "ஒம்பதே முக்கால்" என்றான். அஞ்சாம் நாள் காலை பள்ளிக்கூடம் அங்கே இல்லை.

"பாத்தீகளா," என்றாள் இருளாயி, "எந்தப் புள்ள எதுலயாவது பின்னாடி கெடக்குதோ அந்தப் புள்ள வாசலுக்கு அது போகுது. படிச்சிருச்சா, அடுத்த வாசல். அம்புட்டுத்தான் சங்கதி."

அம்புட்டுத்தான் என்று அவள் சொல்லிவிட்டாள், ஊருக்கு அது அம்புட்டோடு போகவில்லை. பள்ளிக்கூடம் வாசலில் நின்றால் மானம் போச்சு என்றானது. காலையில் கதவைத் திறக்குமுன் சாவித் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டார்கள். ஊராட்சித் தலைவர் சேதுராமு வீட்டு வாசலில் அது பதினோரு நாள் நின்றது. பேரன் ரெண்டாம் வகுப்பு, பேர் எழுதச் சொன்னால் தாத்தா பதவியைச் சொல்லுவான். அவர் வாசலைச் சுற்றி முள்வேலி போட்டார், பள்ளிக்கூடம் கொல்லைப்புறம் வந்து நின்றது. பால் கறக்கப் போன மருமகள் மாட்டுக்குப் பதிலாக மூன்றாம் வகுப்பு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி வந்தாள். ராத்திரி காவலுக்கு ஆள் வைத்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசையாது, கொட்டாவி விட்டுக் கண்ணை மூடித் திறந்தால் இடம் மாறியிருக்கும். ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா? தலைவர் வீட்டுக் கொல்லைக் கதை பக்கத்து ஊர்ச் சந்தைவரை போனது. கடைசியில் தலைவரே சம்மணம்போட்டு உட்கார்ந்து பேரனோடு சேர்ந்து எழுதினார். அப்போதுதான் அவருக்கே ஒன்றிரண்டு எழுத்து மறந்துபோயிருந்தது தெரிந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் வெட்கம் மெல்ல வடிந்தது. தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டது, நம் வீட்டுக்கு வந்தால் என்ன? வந்த வாசலுக்குக் கோலம் போட்டார்கள். எந்த வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் கருப்பட்டிக் காப்பி கொடுக்கவேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டானது. அந்தத் தெருவே கூடி அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது, பாசத்தால் இல்லை, பள்ளிக்கூடம் நகர்ந்தால்தான் தண்ணீர் லாரி தெருவுக்குள் வரமுடியும் என்பதால். இன்னொரு வழக்கத்தைப் பிள்ளைகளே உண்டாக்கினார்கள்: பள்ளிக்கூடம் யார் வாசலில் நிற்கிறதோ அந்தப் பிள்ளைதான் அன்றைக்குத் தண்டவாளத் துண்டில் மணி அடிக்கவேண்டும். அந்த மணிக்கு ஆசைப்பட்டு, தெரிந்த பாடத்தையும் தெரியாது என்று சாதித்த பிள்ளைகள் உண்டு. பள்ளிக்கூடம் அவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சகாயமேரி இதையெல்லாம் ஒரு ரெஜிஸ்தரில் குறித்துவந்தாள். பிள்ளைகள் பேருக்கு நேராக மூன்று கட்டம் போட்ட ரெஜிஸ்தர் அது: அரும்பு, மொட்டு, மலர். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை அரும்பு, தட்டுத்தடுமாறி வாசித்தால் மொட்டு, கடகடவென்று வாசித்தால் மலர். வாரக் கடைசியில் டிக் அடிப்பாள். அவள் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். எந்தப் பிள்ளைக்கு டிக் ஒரு கட்டம் தள்ளிப் போடுகிறாளோ, மறுநாள் காலை பள்ளிக்கூடம் அந்த வாசலைவிட்டுக் கிளம்பிவிடும். அது ரெஜிஸ்தரைப் பார்த்துத்தான் நடக்கிறது என்று அவள் மனசில் ஒரு முடிவு விழுந்துபோனது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பத்தொன்பது வருஷ சர்வீஸில் ரெஜிஸ்தரைப் பார்க்காமல் நடந்த எதையும் அவள் கண்டதில்லை.

ஆவணி பிறந்ததும் பள்ளிக்கூடம் ஊரைவிட்டே போய்விட்டது.

கிழக்கே மூன்று கிலோமீட்டர், சீமைக்கருவேலங் காட்டுக்குள், காட்டுராஜாவும் அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணமும் கரி சுடுகிற இடத்தில் அது நின்றது. விறகை வட்டமாக அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை வைத்து நாள்கணக்காகப் புகையவிடுவதற்கு மூட்டம் என்று பேர். மூட்டம் இருக்கிற இடத்தில்தான் அவர்கள் வீடும், வீடு என்றால் ஒரு தார்ப்பாய். விறகு தீர்ந்தால் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடம். அவர்கள் மகள் வனரோஜா மூன்றாம் வகுப்பு. ரெஜிஸ்தரில் பேர் இருந்தது. இருபத்து மூன்று என்கிற கணக்கு குறையக்கூடாதே என்று சகாயமேரி அந்தப் பேரைப் பத்திரமாக வைத்திருந்தாள். பிள்ளை மாசத்துக்கு நாலு நாள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து போகும், அதற்குமேல் அவளைப்பற்றி டீச்சருக்கு ஒன்றும் தெரியாது.

தார்ப்பாய்க்கு வாசல் கிடையாது. பள்ளிக்கூடம் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வனரோஜா தலைவைத்துப் படுக்கிற பக்கம் வராந்தாவை வைத்து நின்றுகொண்டது. இவர்கள் இடம் மாறினால் அதுவும் மாறியது. ஊர்ப் பிள்ளைகள் முள்ளுக்குள் நடந்து வந்தார்கள். சகாயமேரி பஸ் நிறுத்தத்திலிருந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். சோற்றுப் பானையை இருளாயி டி.வி.எஸ். வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வாரம், ரெண்டு வாரம், நாற்பது நாளாகியும் பள்ளிக்கூடம் ஊர் திரும்பவில்லை. கருப்பட்டிக் காப்பி கொடுத்த ஊர் முணுமுணுக்கத் தொடங்கியது.

"ஒத்தப் புள்ளைக்காக இருபத்திரண்டு புள்ளைக முள்ளு மிதிக்கணுமா டீச்சர்? எம்புள்ள கால்ல பாருங்க, சல்லடையா இருக்கு," என்று தலைவர் மருமகள் நேராகவே வந்து கேட்டாள்.

வனரோஜாவுக்கு எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்தது, சேர்த்தால் பிரிந்துபோனது. ப தெரியும், ட தெரியும், ம் தெரியும், படம் என்று போட்டால் வாயடைத்துப்போவாள். டீச்சர் ஒரே பக்கத்தை நாற்பது நாள் காட்டினாள். கப்பல், ரயில், பனிமலை என்று படம் போட்ட பக்கம். "சொல்லுத்தா, சொல்லு, சீக்கிரம் சொல்லு," என்று மேசைக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே கேட்பாள். பிள்ளை புத்தகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக மூட்டத்துப் புகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"அங்க என்ன வேடிக்கை? புத்தகத்தப் பாரு!"

அப்படியிருக்கும்போதுதான் தபால் வந்தது. வெள்ளிக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வருகிறார். பள்ளி அதற்குரிய சர்வே எண்ணில், அதாவது வேப்பமரத்துப் பக்கத்து நிலத்தில், அன்றைய தினம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பள்ளி இல்லை என்றே கொள்ளப்பட்டு, பிள்ளைகள் நாலுவழிச் சாலைக்கு அந்தப்புறப் பள்ளியில் சேர்க்கப்படுவார்கள். சகாயமேரி அந்தத் தாளைப் பஸ்ஸில் ஏழு தடவை படித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம். உதவி ஆசிரியர் பூமிநாதன் சார் சின்னப் பிள்ளைகளை வைத்து வராந்தாவில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சகாயமேரி வனரோஜாவைக் கூப்பிட்டு அதே பக்கத்தைக் காட்டினாள். க, ப், ப, ல். பிள்ளை நாலு எழுத்தையும் சொல்லிவிட்டு நாலு திசையில் விட்டது. சகாயமேரி ரெஜிஸ்தரைத் திறந்தாள். பூமிநாதன் சார் பாட்டை நிறுத்தினார்.

"டீச்சர், பென்சில்லயாவது போடுங்க," என்றார் மெதுவாக.

அவள் பேனாவால் போட்டாள். அரும்பு, மொட்டு இரண்டையும் தாண்டி, வனரோஜா பேருக்கு நேரே மலர் கட்டத்தில் ஒரு டிக். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்கு இத்தனை சின்னக் கோடு போதும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் பார்க்கட்டும், பார்த்துவிட்டு ராவோடு ராவாக ஊருக்குப் போகட்டும். ஒருத்திக்குப் போட்ட பொய்யில் இருபத்திரண்டு பிள்ளை பிழைக்கும். இப்படியெல்லாம் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தால், வனரோஜா மேசை ஓரத்தில் நின்று அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் எந்தக் கட்டம் எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா?

"எனக்கு மலரா டீச்சர்?"

"ஆமாத்தா," என்றாள் சகாயமேரி. ரெஜிஸ்தரை மூடிவைத்தாள்.

பிள்ளை மூட்டத்தைப் பார்த்து ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பஞ்சவர்ணம் கரிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். வாயெல்லாம் பல், கண்ணெல்லாம் தண்ணீர். காட்டில் எடுத்த தேனடையில் பாதியைப் பிய்த்து ஒரு இலையில் வைத்து நீட்டினாள். "எங்க பரம்பரையிலயே எழுத்துப் படிச்ச மொத ஆளு இவதான் டீச்சர். எங்களுக்கெல்லாம் கைநாட்டுத்தான். மகராசியா இருக்கணும் நீங்க," என்றாள். சகாயமேரி தேனடையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பஸ்ஸில் அவள் பிள்ளைகளை எண்ணவில்லை. தேன் கையெல்லாம் வழிந்து பிசுபிசுத்துக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பால்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறானே என்று அவள் டவுனில் தன் வாடகை வீட்டுக் கதவைத் திறந்தாள். எதிரே வராந்தா. அவள் படிக்கட்டும் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. தெருவை அடைத்துக்கொண்டு கொடிக்கம்பம், குழாய், 'மெதுவாகச் செல்லவும்' பலகை எல்லாம் வந்திருந்தன. நாலுவழிச் சாலையை எப்படித் தாண்டியது என்று பிற்பாடு ஒரு லாரி டிரைவர் சொன்னானாம்: பலகை முன்னால் வந்தது அண்ணே, அதைப் பார்த்துட்டு நாங்களே நிறுத்தி வழிவிட்டோம்.

சகாயமேரிக்குக் காரணத்தை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பல் விளக்கிய பிரஷ்ஷோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

போன் அடித்தது. பூமிநாதன் சார். "டீச்சர், பள்ளிக்கூடம் காட்டுலயும் இல்ல, ஊர்லயும் இல்ல. ஒம்பது மணிக்கு அதிகாரி வந்துருவாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"இங்க நிக்குது சார்."

"எங்க?"

"எங்க வீட்டு வாசல்ல."

ஊர் முழுக்கத் தெரிந்த கணக்கு அவருக்குத் தெரியாதா? "புள்ளைகளக் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துர்றேன் டீச்சர்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வந்தார்கள். பஸ்ஸில் பாதிப்பேர், தலைவர் வீட்டு டிராக்டரில் மீதிப்பேர், அரிசியும் பருப்பும் மடியில் கட்டிக்கொண்டு இருளாயி. அவள் வந்ததும் வராததுமாக, தெருவை அடைத்துவிட்டார்களே என்று கத்திக்கொண்டிருந்த மாடிவீட்டுக்காரரைப் பார்த்து, "அய்யா, இருபத்து மூணு புள்ளைக்குச் சோறு வடிக்கணும், ஒங்க வீட்டு அடுப்பு சும்மாதான கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கத்தினவர் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததைப் பிற்பாடு பார்த்தவர்கள் உண்டு. கடைசியாகக் காட்டுராஜாவின் டி.வி.எஸ்.ஸில் வனரோஜா வந்து இறங்கினாள். திருவிழாவுக்கு எடுத்த ரோஸ் கவுன், முகத்தில் பவுடர், பவுடருக்குக் கீழே கரி. மலர் ஆகிவிட்டாள் அல்லவா, அதற்காகப் பஞ்சவர்ணம் உடுத்தி அனுப்பியிருந்தாள். சகாயமேரிக்கு அந்தக் கவுனைப் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மணி அடிக்கவேண்டும். ரபீக் வகுப்பறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டுவந்து நீட்டினான்.

"ஒம்பதே முக்கால் ஆச்சு. டீச்சர் வீட்டு வாசல்லதான் நிக்குது. அப்ப நீங்கதான் டீச்சர் அடிக்கணும்."

அவன் முகத்தில் கேலி இல்லை. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. முறை என்றால் முறை, அவ்வளவுதான். சகாயமேரி கம்பியை வாங்கித் தண்டவாளத் துண்டில் அடித்தாள். பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளை அடிக்கச்சொல்லிக் கேட்ட சத்தம், தன் கையால் அடிக்கும்போது தோள்பட்டைவரை ஏறியது.

அந்தச் சத்தத்திலேயே ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. அதிகாரி, முப்பது வயசுக்குள் இருக்கிற பெண். வேப்பமரத்தடியில் சமையல்கூடத்தையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டு, காசிம் பாய் சொன்ன வழியில் வந்திருந்தாள். கால் முழுக்கப் புழுதி. "பள்ளி உரிய இடத்தில் இல்லைன்னுதான் நான் எழுதணும் மேடம். சாயங்காலத்துக்குள்ள அறிக்கை அனுப்பணும்," என்றாள். குரலில் அதிகாரத்தைவிட அலுப்புத்தான் அதிகம்.

"எழுதுங்கம்மா. அதுக்கு முன்னாடி நான் ஒன்னு அழிக்கவேண்டியிருக்கு," என்றாள் சகாயமேரி.

எல்லாரையும் வகுப்பறைக்குள் உட்காரவைத்து, அதிகாரிக்கும் ஒரு நாற்காலி போட்டு, ரெஜிஸ்தரைத் திறந்தாள். மலர் கட்டத்து டிக்கைக் குறுக்கே அடித்தாள். "இது நான் போட்ட பொய். பள்ளிக்கூடம் போயிரக்கூடாதுன்னு பயந்து போட்டேன்," என்றாள், பிள்ளைகளைப் பார்த்து.

வனரோஜா எழுந்து நின்றாள். "அப்ப எனக்கு மலர் இல்லையா டீச்சர்?"

"இல்லத்தா."

பிள்ளை அழவில்லை. கவுனைப் பார்த்துக்கொண்டாள். "அம்மாட்ட சொல்லிட்டேனே," என்றாள். பிறகு கடைசி வரிசைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

சகாயமேரிக்கு நடந்தால் தேவலை என்று கால் பறந்தது. அதிகாரி வேறு கடிகாரத்தைப் பார்க்கிறாள், வெளியே ஹாரன், பள்ளிக்கூடம் போகப்போகிறது, பிள்ளைகள் ரோட்டைத் தாண்டப்போகிறார்கள். இருந்தாலும் போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தாள். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தாள். நாற்பது நாளும் இந்தப் பிள்ளை ஜன்னல் வழியாக எதைப் பார்த்தது என்று ஒருநாளாவது கேட்டோமா என்கிற கேள்வி அப்போதுதான் வந்தது.

"வனரோஜா, எனக்கு ஒன்னு தெரியலத்தா. மூட்டத்துக்குள்ள விறகு வெந்துருச்சா இல்லையான்னு, பிரிச்சுப் பாக்காம எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

பிள்ளை சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். அப்புறம், இதுகூடத் தெரியாதா என்கிற சலிப்போடு, "புகையப் பாக்கணும்," என்றாள்.

"புகையப் பாத்தா?"

"வெள்ளைப் புகை வந்தா ஈரம் இருக்கு. நீலப் புகை வந்தா கரி ஆயிருச்சு."

"அப்புறம்?"

"உடனே ஓட்டைய அடைக்கணும். அடைக்காட்டி சாம்பல்தான்." பிள்ளை திரும்பினாள். "அவசரப்பட்டுப் பிரிச்சாலும் போச்சு டீச்சர். குபுக்குன்னு தீப் பிடிச்சிரும். எங்க அப்பா ஒரு தடவ அப்படித்தான் மொத்தத்தையும் விட்டுட்டாரு."

சகாயமேரி எழுந்து கரும்பலகைக்குப் போனாள். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், பிள்ளை சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். எழுதிவிட்டுத் தள்ளி நின்றாள், நடக்கவில்லை. வனரோஜா முன்னால் வந்து பலகையில் விரலை வைத்தாள். வெ, ள், ளை. நின்றாள். பு, கை. எழுத்துகள் பழையபடி பிரியப் பார்த்தன. ஆனால் அடுத்து என்ன வரும் என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்திருந்தது, அது அவள் பேச்சு.

"வெள்ளைப்... புகை," என்றாள். "டீச்சர், புகை! வெள்ளைப் புகை வந்தா... ஈ... ரம்... ஈரம் இருக்கு!"

வகுப்பே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரபீக் பார்த்தான், தலைவர் பேரன் வாயைப் பிளந்து பார்த்தான், பூமிநாதன் சார் பார்த்தார், அதிகாரி நாற்காலி நுனிக்கு வந்து பார்த்தாள். வெங்காயக் கையோடு இருளாயியும் மாடிவீட்டுக்காரரும் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அப்படியே நிலைப்படியில் நின்று பார்த்தார்கள். நீலப் புகை என்று அவள் வாசித்து முடிக்கிறவரை ஒருத்தர் கண்ணும் ஜன்னல் பக்கம் போகவில்லை. போயிருந்தால் பள்ளிக்கூடம் அசைந்திருக்காது.

வெளியே ஹாரன் சத்தம் நின்றுபோயிருந்ததை முதலில் கவனித்தது இருளாயிதான். "அடி ஆத்தி!" என்றாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். அதற்குப் பின்னால் சமையல்கூடம், கழிப்பறை, டீக்கடையை விட்டு ஓடிவருகிற காசிம் பாய். மாடிவீட்டுக்காரர் மட்டும், "என் வீடு எங்கே?" என்று கேட்டார். மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று எல்லாரும் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

அதிகாரி இறங்கிப்போய் எல்லைக்கல்லைப் பார்த்தாள், தாளில் இருந்த எண்ணைப் பார்த்தாள். "பள்ளி உரிய சர்வே எண்ணில் இருக்கக் கண்டேன்," என்று எழுதி நேரமும் போட்டாள். "கண்ணால பாத்ததத்தான் மேடம் எழுதியிருக்கேன். நாளைக்கு எங்க நிக்கும்னு என்கிட்ட யாரும் கேக்கல," என்றவள், ஸ்கூட்டர் டவுனிலேயே நின்றுபோனது ஞாபகம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சகாயமேரி மேசைக்குத் திரும்பினாள். பிழைத்தது, இன்றைக்குப் பிழைத்தது. நாளைக்கு எந்த வாசலோ. விரல் மறுபடியும் பிள்ளைகளை எண்ணத் தொடங்கியது, அது அவள் கூடப் பிறந்தது, எங்கே போகும்? வனரோஜா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ரெஜிஸ்தர் திறந்தபடி கிடந்தது. மலர் கட்டத்தில் அடித்த டிக் அசிங்கமாகத் தெரிந்தது.

"இப்ப எனக்கு என்ன போடுவீக?"

சகாயமேரி பென்சிலை அவள் கையில் கொடுத்தாள். "நீயே சொல்லுத்தா."

பிள்ளை மூன்று கட்டத்தையும் பார்த்தாள். மூட்டத்தை வட்டமாகச் சுற்றிவந்து பார்ப்பார்களே, அப்படித் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அரும்பு கட்டத்தில், கோணலாக, அழுத்தமாக ஒரு டிக் போட்டாள்.

"சாயங்காலம் நானே வந்து உங்க அம்மாட்ட சொல்றேன். தப்பு என்னோடது," என்றாள் சகாயமேரி.

"வேணாம் டீச்சர், நானே சொல்லிக்கிறேன்," என்றாள் வனரோஜா. "இன்னும் வெள்ளைப் புகைதான் வருதுன்னு சொன்னா அம்மாவுக்குப் புரியும்."